பனிமனிதனும் பழைய ஆவணப்படங்களும்

இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் ஊர்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த பழமொழி. அதன் முதல் இரண்டு பகுதிகளை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். மூன்றாவது பகுதி எவ்வளவு கடினமான வேலை என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன். அதை எனக்கு உணர்த்தியவை பாடநூல்கள் அல்ல. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட சில ஆங்கில ஆவணப்படங்களே.

நான் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். முதலாண்டில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொண்டு, புரிந்தவன்போல் தலையசைத்துக் காலம் தள்ளினேன். என் நிலையைக் கண்டுகொண்ட ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், "பழைய ஆவணப்படங்களைக் கேள். அவற்றில் பேசுகிறவர்கள் நிறுத்தி, தெளிவாகப் பேசுவார்கள். தினம் அரைமணி நேரம் கேட்டால் காது பழகிவிடும்" என்றார். அப்படித்தான் தொட்டியம் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணையில், இரவு வேளைகளில், கைப்பேசியும் கையுமாக உட்கார ஆரம்பித்தேன். எதைக் கேட்பது என்று தேடியபோது கண்ணில் பட்டவர்தாம் பனிமனிதர்.

இமயமலையில் 'எட்டி' என்றும், அமெரிக்கக் காடுகளில் 'பிக்ஃபுட்' அதாவது 'பெருங்காலன்' என்றும் அழைக்கப்படும் இந்த உருவங்கள் மனிதனைப் போல் நிமிர்ந்து நடப்பவை, வாலில்லாக் குரங்கைப் போல் உடலெங்கும் மயிர் மூடியவை என்று சொல்லப்படுகின்றன. ஆங்கிலம் படிக்கப் போனவன் இவர்கள் பின்னாலேயே அலைந்து திரும்பி வந்தேன். அந்த அலைச்சலில் கற்றவற்றைச் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயர் பிறந்த கதை

1921-ஆம் ஆண்டு எவரெஸ்டுக்கு வழி காண்பதற்காக ஒரு பிரிட்டிஷ் குழு சென்றது. தலைவர் ஹோவர்டு-பரி. உயரமான கணவாய் ஒன்றில் பனியின்மேல் பெரிய காலடித் தடங்களை அவர்கள் கண்டனர். ஓநாயின் தடமாக இருக்கலாம் என்று தலைவர் கருதினார். சுமை தூக்கி வந்தவர்களோ 'மெதோ-காங்மி' என்றனர். 'மெதோ' என்பதற்கு 'மனிதக் கரடி' என்றும், 'காங்மி' என்பதற்குப் 'பனிமனிதன்' என்றும் பொருள் சொல்கின்றனர்.

அக்குழுவினர் திரும்பி வந்தபோது, கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழுக்கு எழுதிவந்த ஹென்றி நியூமன் என்பவர் டார்ஜிலிங்கில் அந்தச் சுமையாட்களிடம் பேசினார். 'மெதோ' என்ற சொல் அவர் கைக்கு வரும்போது திரிந்துபோயிற்று. 'அழுக்கான', 'அருவருக்கத்தக்க' என்று அதற்குப் பொருள் கொண்டு, 'அருவருக்கத்தக்க பனிமனிதன்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது.

நண்பர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலைவாழ் மக்கள் சொன்ன பெயரிலேயே 'கரடி' இருந்தது. மொழிபெயர்ப்பில் கரடி தொலைந்துபோய் மனிதன் மட்டும் எஞ்சினான். பின்னால் நூறு ஆண்டுகள் விஞ்ஞானிகள் தேடிக் கண்டுபிடித்ததும் அந்தத் தொலைந்த கரடியைத்தான் என்பதைக் கீழே காண்போம்.

படங்கள் நம்மை நம்பவைக்கும் விதம்

முதலில் படங்களைப் பற்றிச் சில சொற்கள். நான் பார்த்தவற்றுள் மூன்றைக் குறிப்பிடலாம்.

ஒன்று, 1972-இல் வெளிவந்த 'தி லெஜெண்ட் ஆஃப் பாகி க்ரீக்'. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஃபூக் என்னும் சிற்றூரைச் சுற்றி உலவியதாகச் சொல்லப்பட்ட உருவத்தைப் பற்றியது. அவ்வூர் மக்களில் பலர் தாங்களே தோன்றித் தங்களுக்கு நேர்ந்ததை நடித்துக் காட்டுகின்றனர். எது வாக்குமூலம், எது நடிப்பு என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து ஓடுகின்றன.

இரண்டாவது, 1977 முதல் 1982 வரை ஒளிபரப்பான 'இன் சர்ச் ஆஃப்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதை வழங்கியவர் நடிகர் லெனர்டு நிமாய். இத்தொடர் பிக்ஃபுட்டையும் பனிமனிதனையும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், 'இதில் சொல்லப்படுபவை ஓரளவு ஊகங்களை அடிப்படையாகக் கொண்டவை, இவை மட்டுமே விளக்கங்கள் அல்ல' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அடுத்த நொடியே இசை தொடங்கிவிடும். அந்த இசையில் அறிவிப்பு மறந்துபோகும்.

மூன்றாவது, 1980-இல் இங்கிலாந்தில் ஒளிபரப்பான 'ஆர்தர் சி. கிளார்க்கின் மர்ம உலகம்' என்னும் 13 பகுதித் தொடர். கிளார்க் அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1956 முதல் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் காலமானவர். நம் கடலுக்கு அக்கரையில் இருந்துகொண்டு அவர் உலகத்து மர்மங்களைப் பேசினார் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவருடைய சிறப்பு என்னவென்றால், கடைசியில் வந்து, தமக்கு எது நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது, எது தோன்றவில்லை என்று சொல்லிவிடுவார்.

இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது இப்படங்களின் இலக்கணம் பிடிபட்டது. முதலாவது, இவை எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. 'அது மனிதனா? விலங்கா? அல்லது நாம் அறியாத வேறொன்றா?' என்று கேள்வியாகவே கேட்கும். கேள்வி கேட்டவரைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது. விடையை நம் மனமே எழுதிக்கொள்ளும். இரண்டாவது, காட்டையும் பனியையும் நீண்ட நேரம் காட்டும். ஒன்றுமே இல்லாத இடத்தை ஒரு குரலோடும் இசையோடும் காட்டினால், அங்கே ஏதோ ஒளிந்திருப்பதாகத் தோன்றும். மூன்றாவது, கண்டவர் ஒருவர் கண்ணீர் மல்கப் பேசுவார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரியும். அவர் பொய் சொல்லவில்லை என்பதிலிருந்து, அவர் சொல்வது உண்மை என்ற முடிவுக்கு நாம் தாவிவிடுகிறோம். இந்தத் தாவலில்தான் சிக்கல் இருக்கிறது.

பனியில் பதிந்த தடம்

எட்டிக்குச் சான்றாகச் சொல்லப்படுபவற்றுள் முதன்மையானது காலடித் தடம். 1951-இல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறுநர் மென்லுங் பனியாற்றில் ஒரு தடத்தைப் படம் எடுத்தார். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் பனிக்கோடரியை வைத்திருந்தார். பனிமனிதன் பற்றிய எந்த ஆவணப்படமானாலும் இந்தப் படம் வராமல் இருக்காது.

ஆனால் நம் நாட்டு மண்ணிலேயே அதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1937-இல் ஃபிராங்க் ஸ்மைத் என்பவர் கார்வால் இமயத்தில், இன்று உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள 'பூக்களின் பள்ளத்தாக்கு' பகுதியில் பயணம் செய்தபோது, பனியில் மனிதக் காலை ஒத்த பெரிய தடங்களைக் கண்டார். உடன் வந்த ஷெர்ப்பாக்கள் அஞ்சினர்; பனிமனிதன் நடந்த தடமே என்று சாதித்தனர். ஸ்மைத் அவர்களைக் கேலி செய்யவும் இல்லை, அப்படியே நம்பவும் இல்லை. தடங்களை அளந்தார், படம் எடுத்தார், அவற்றை லண்டனில் இருந்த விலங்கியல் வல்லுநர்களுக்கு அனுப்பினார். அது இமயத்துப் பழுப்புக் கரடியின் தடம் என்று விடை வந்தது.

கரடியின் தடம் எப்படி மனிதத் தடம் போலாகும்? நாய், பூனை முதலியவை விரல்களை ஊன்றி நடப்பவை. கரடியோ நம்மைப் போல் உள்ளங்கால் முழுவதையும் ஊன்றி நடப்பது. அதன் பின்னங்காலில் குதிகாலும் ஐந்து விரல்களும் தெரியும். மேலும், நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்தின்மேலேயே பின்னங்கால் விழுமானால் இரண்டு தடங்களும் ஒன்றாகி ஒரே நீண்ட தடமாகத் தோன்றும். நான்கு கால் விலங்கு இரண்டு கால் விலங்காகிவிடும்! வேறுபாடு அறிய ஒரு வழி உண்டு. மனிதனுக்குப் பெருவிரல் உட்பக்கம் இருக்கிறது. கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம் இருக்கும். விரல்களுக்கு முன்னால் நகம் குத்திய குழிகளும் காணப்படும்.

இதற்கும் மேலே வெயில் ஒரு வேலை செய்கிறது. 1960-61-இல் எட்மண்ட் ஹிலாரி எட்டியைத் தேடி ஒரு குழுவோடு நேபாளம் சென்றார். அக்குழுவில் இருந்த மார்லின் பெர்கின்ஸ் என்ற விலங்கியலாளர் ஒரு தடவரிசையைப் பின்தொடர்ந்து போனார். வெயில் பட்ட இடத்தில் பெரிய எட்டித் தடங்களாக இருந்தவை, நிழலான இடத்துக்கு வந்ததும் சிறிய நரித் தடங்களாக மாறின. நரியின் நான்கு பாதங்களும் நெருங்கிப் பதிந்த இடத்தில், பனி உருகி எல்லாம் ஒன்றாகி ஒரு பெருந்தடமாகிவிட்டது. வெப்பம் கொண்ட பனி விளிம்புகளில் உருகும் என்பது நாம் அனைவரும் அறிந்த இயற்பியல். ஆனால் அதை ஒரு தடத்தோடு சேர்த்துப் பார்க்க ஒருவர் நிழல்வரை நடந்து போக வேண்டியிருந்தது.

கும்ஜுங்கின் மண்டைத் தோல்

அதே ஹிலாரியின் பயணத்தில் இன்னொரு நிகழ்ச்சி. நேபாளத்தில் கும்ஜுங் என்ற ஷெர்ப்பாக் கிராமத்து மடாலயத்தில் எட்டியின் மண்டைத் தோல் என்று ஒன்றைப் போற்றிப் பாதுகாத்து வந்தனர். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க ஹிலாரி அனுமதி கேட்டார். ஊரார் பேசி முடிவு செய்தனர். ஆறு வாரத்தில் திருப்பித் தர வேண்டும், ஊர்ப் பெரியவர் குஞ்சோ சும்பி கூடவே போக வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பெரியவர் அந்தத் தோலோடு சிகாகோ, பாரிஸ், லண்டன் நகரங்களுக்குச் சென்று வந்தார்.

சோதனையில், செரோ எனப்படும் இமயமலை ஆட்டினத்தின் தோலை அச்சில் வைத்து அழுத்தி வடிவமைத்தது அது என்று தெரிந்தது. எட்டியின் தோல் என்று வேறிடங்களில் காட்டப்பட்டவையும் கரடித் தோல்களாகவே இருந்தன.

எட்டி கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கிராமத்தார் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டதன் பயனாக, 1961-இல் கும்ஜுங்கில் ஹிலாரி ஒரு பள்ளியைக் கட்டிக் கொடுத்தார். பின்னர் அவர் இமயப் பகுதியில் கட்டிய பல பள்ளிகளுக்கு அதுவே முதல். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எனக்கு, இந்தக் கதை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். பனிமனிதனைத் தேடிப் போனதில் கிடைத்த மெய்யான பொருள் ஒரு பள்ளிக்கூடம்.

குறித்து வைக்காத ஓர் எண்

இனி இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்த சான்றுக்கு வருகிறேன். 1967 அக்டோபர் 20-ஆம் நாள், அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் பிளஃப் க்ரீக் என்ற ஓடைக்கரையில், ராஜர் பேட்டர்சன், பாப் கிம்லின் என்ற இருவர் 16 மி.மீ. சுருளில் ஓர் உருவம் நடந்து போவதைப் படம் பிடித்தனர். பேட்டர்சன் அப்போது பிக்ஃபுட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணத்தோடுதான் அங்கே போயிருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேற்படாத அந்தக் காட்சியில் அவ்வுருவம் நடந்துகொண்டே ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்கும். பிக்ஃபுட் பற்றிய படங்களில் மீண்டும் மீண்டும் காட்டப்படும் காட்சி இதுதான்.

அச்சுருளில் ஏறத்தாழ 950 படச்சட்டங்கள் உள்ளன. அந்தக் காமிராவை நொடிக்கு 16 சட்டம், 24 சட்டம் எனப் பல வேகங்களில் ஓட்டலாம். எந்த வேகத்தில் ஓட்டினோம் என்பது பேட்டர்சனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. நொடிக்கு 16 என்றால் அந்த நிகழ்ச்சி நடந்த நேரம் ஏறத்தாழ 59 நொடி. 24 என்றால் ஏறத்தாழ 40 நொடி. வித்தியாசம் ஒன்றரை மடங்கு.

அதனால் என்ன என்று கேட்கலாம். நடக்கும்போது நம் கால் இடுப்பிலிருந்து ஓர் ஊசல் போல ஆடுகிறது. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது முதலாண்டுச் செய்முறைப் பாடம். அலைவு நேரம் ஒன்றரை மடங்காக வேண்டுமானால் நீளம் இரண்டே கால் மடங்காக வேண்டும். கால் தனி ஊசல் அன்று, தசைகள் அதை இயக்குகின்றன என்பது உண்மையே. ஆயினும், வேகத்தைப் பற்றிய சிறு ஐயம் நடப்பவரின் உருவத்தைப் பற்றிய பெரிய ஐயமாக வளர்ந்துவிடும் என்பதை இது காட்டுகிறது. லண்டனில் மனித நடையை ஆராய்ந்துவந்த கிரீவ் என்ற அறிஞர் இப்படத்தை ஆராய்ந்து சொன்ன முடிவும் இதுவே. நொடிக்கு 24 சட்டம் என்றால் அது மனிதன் நடக்கக்கூடிய நடை. 16 அல்லது 18 என்றால் மனித நடைக்குப் பொருந்தாத நடை.

ஆய்வகத்தில் அளவுகோலின் மீச்சிற்றளவை எழுத மறந்துவிட்டு, அளவுகளை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனால் ஆசிரியர் என்ன சொல்வார்? "இதெல்லாம் வீண், முதலிலிருந்து செய்" என்பார். உலகப் புகழ்பெற்ற ஒரு சுருளின் கதையும் அதுதான். ஓர் எண்ணைக் குறித்து வைக்காததால், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் வாதம் தீரவில்லை. 2004-இல் வெளிவந்த ஒரு நூலில், உடை அணிந்து நடந்தது தானே என்று ஒருவர் கூறியிருக்கிறார். கிம்லினோ தாம் எந்த ஏமாற்றிலும் பங்கு பெறவில்லை என்று சொல்லிவந்திருக்கிறார்.

'பிக்ஃபுட்' என்ற பெயர் புகழ்பெறக் காரணமான 1958-ஆம் ஆண்டுத் தடங்களின் கதை வேறு. அப்பகுதியில் சாலைப்பணி ஒப்பந்தக்காரராக இருந்த ரே வாலஸ் 2002-இல் இறந்தபின், மரத்தால் செதுக்கிய பெரிய பாதங்களை அவர் குடும்பத்தினர் எடுத்துக் காட்டி, விளையாட்டாக அவர் செய்த வேலை அது என்றனர்.

மயிர் பேசிய உண்மை

பழைய ஆவணப்படங்கள் எடுக்கப்பட்ட காலத்தில் இல்லாத ஒரு கருவி இன்று நம்மிடம் இருக்கிறது. அது மரபணுச் சோதனை. ஒரு மயிரோ எலும்புத் துண்டோ கிடைத்தால், அது எந்த இனத்துக்கு உரியது என்று அதுவே சொல்லிவிடும்.

நம் நாட்டின் மேகாலய மாநிலத்தில் காரோ மலைகளில் 'மாந்தே பருங்' என்ற காட்டு மனிதன் இருப்பதாக அம்மக்கள் கூறுவர். அங்குக் கிடைத்த மயிர்கள் 2008-இல் சோதிக்கப்பட்டன. அவை கோரல் என்னும் மலையாட்டினத்தின் மயிர்கள் என்று தெரிந்தது.

2017-இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் என்ற அறிவியலாளரின் குழு, அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் 'எட்டியுடையவை' என்று வைத்திருந்த எலும்பு, பல், தோல், மயிர் முதலிய 9 மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றில் 8 கரடிகளுக்கு உரியவை. மீதி ஒன்று நாயினுடையது. அந்த ஆய்வு வீணாகவும் போகவில்லை. அதே ஆய்வில் இமயத்துப் பழுப்புக் கரடி, பிற பழுப்புக் கரடிகளிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த தனிக்கிளை என்பது தெளிவாயிற்று. இன்று அக்கரடி அழிவின் விளிம்பில் இருக்கிறது. இல்லாத ஒன்றை எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, இருக்கிற ஒன்று குறைந்துகொண்டே வருகிறது என்பதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை குறையவில்லை. 2019 ஏப்ரலில் நம் இந்திய ராணுவத்தின் மலையேற்றக் குழு, மகாலு சிகரத்தின் அடிவார முகாம் அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட தடங்களைக் கண்டதாகவும், அவை எட்டியின் தடங்கள் என்றும் படங்களுடன் செய்தி வெளியிட்டது. கரடித் தடம் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதாக நேபாள ராணுவத்தின் சார்பில் கூறப்பட்டது. 1921-இல் சுமையாட்கள் சொன்ன சொல்லுக்கே கதை திரும்பி வந்துவிட்டது.

அச்சத்தின் விலை

'இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும், நமக்கென்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். 2001 மே மாதத்தில் டில்லியில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். குரங்கு போன்ற மனிதன் ஒருவன் இரவில் மாடிகளில் தாவி வந்து கீறுகிறான், கடிக்கிறான் என்ற செய்தி பரவியது. கோடையில் மின்சாரம் இல்லாமல் மொட்டைமாடியில் படுத்திருந்த ஏழை எளிய மக்கள், யாரோ 'வந்துவிட்டான்' என்று கத்தியதும் இருட்டில் எழுந்து ஓடினர். மாடியிலிருந்து விழுந்து உயிர் நீத்தவர்களும் உண்டு. வல்லுநர்களைக் கொண்டு விசாரித்தபின், அப்படி ஓர் உருவம் இல்லை, அச்சமே பரவியிருக்கிறது என்று கண்டறியப்பட்டது. இல்லாத ஒருவனால் உண்மையான மனிதர்கள் மாண்டனர்.

கொல்லிமலைத் தடம்

இறுதியாக, இக்கட்டுரையை நான் எழுதக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறேன்.

முசிறி வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கொல்லிமலை புதிதன்று. மழை பெய்து வானம் வெளுத்த நாளில் நீலமாக அது தெரியும். பார்ப்பவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் என்று சொல்லப்படும் 'கொல்லிப் பாவை' அங்கே இருந்ததாகச் சங்க இலக்கியம் சொல்கிறது. ஆக, மர்மத்துக்கு நாம் இமயம்வரை போக வேண்டியதில்லை.

என் தந்தை இளவயதில், புளியஞ்சோலை வழியாக மலைப்பாதையில் ஏறி, பலாப்பழமும் வாழைத்தாரும் சுமந்து இறக்கும் கூலி வேலைக்குப் போவார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒருநாள் விடியுமுன் தனியாக ஏறும்போது, ஈர மண்ணில் மனிதக் காலைப் போன்ற தடங்களைக் கண்டார். காட்டுமுனி நடந்த தடம் என்று ஊரில் சொன்னார்கள். மூன்று நாள் காய்ச்சல். அதன் பிறகு அவர் அந்தப் பாதையில் சுமைக்குப் போகவே இல்லை. அந்தக் கூலியும் நின்றுபோயிற்று. சிறு வயதில் பலமுறை இந்தக் கதையைக் கேட்டு, போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரிக்கு வந்த பின்னர் இக்கதையை நினைத்துச் சற்றுக் கூச்சப்பட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. 'படிக்காதவர், ஏதோ பயந்திருக்கிறார்' என்று மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். ஸ்மைத்தின் கதையை அறிந்த அன்று இரவுதான் அவரிடம் முதன்முறையாகச் சரியான கேள்விகளைக் கேட்டேன்.

"தடம் எப்படிப்பா இருந்துச்சு? பெருவிரல் எந்தப் பக்கம்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "பெருவிரல்னு தனியா தெரியல தம்பி. அஞ்சும் ஒரே வரிசையா இருந்துச்சு. முன்னால குச்சியால குத்துனாப்புல பள்ளம் பள்ளமா இருந்துச்சு."

"பக்கத்துல வேற ஏதாவது இருந்துச்சா?"

"புத்து ஒண்ணு இடிஞ்சு கெடந்துச்சு. யாரோ கடப்பாரை போட்டுத் தோண்டுனாப்புல."

கறையான் புற்றை நகத்தால் பிளந்து உறிஞ்சித் தின்பது நம் காட்டுக் கரடியின் வழக்கம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், அரையிருட்டில், அச்சத்தில் நடுங்கிக்கொண்டே என் தந்தை பார்த்தவை அத்தனையும் சரியாக இருந்தன. நகக் குறிகள், விரல் வரிசை, இடிந்த புற்று, எல்லாவற்றையும் அவர் மறக்காமல் வைத்திருந்தார். எந்த ஆவணப்படத்திலும் இவ்வளவு நல்ல சாட்சியை நான் பார்க்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெயரை மட்டும் மற்றவர்கள் வைத்துவிட்டார்கள்.

நான் விளக்கிச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் பாத்தது பொய்யா?" என்று கேட்டார்.

"நீங்க பாத்தது நெசம்ப்பா. அதுக்கு வச்ச பேருதான் தப்பு" என்றேன்.

"பேரு தப்பா இருந்தா என்ன? முனியா இருந்தாலும் கரடியா இருந்தாலும் நான் திரும்பித்தானே வந்திருக்கணும்?" என்றார்.

அது நியாயமான கேள்வி. அன்றைக்குத் திரும்பி வந்தது சரிதான். தனியாகப் போகும் மனிதனுக்குக் கரடி ஆபத்தானது. ஆனால் மறுநாள் என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. முனி என்றால் விபூதி பூசிக்கொண்டு வீட்டில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரடி என்றால், நன்றாக விடிந்தபின், நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு போகலாம். மனிதக் குரல் கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிப்போகும். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் பாயும். இதைச் சொன்னபோது என் தந்தை, "இதை அப்பவே சொல்ல ஆளில்லாமப் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, கல்லூரிக்கு வந்து நாம் கற்கும் விஞ்ஞானம் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக அன்று. அவர்கள் கண்டதை மதித்து, பொறுமையாகக் கேட்டு, அளந்து, ஆராய்ந்து, சரியான பெயரை அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதற்காக. நம்மில் பலருடைய வீடுகளில் இப்படி ஒரு தடமோ, ஒரு விளக்கொளியோ, ஒரு குரலோ பல ஆண்டுகளாக விசாரிக்கப்படாமல் கிடக்கும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் அளவுகோலும் கொண்டுபோவோம். மறக்காமல் எண்களைக் குறித்து வைப்போம்.